பெரிய வீட்டு அக்கா

அக்கா செருப்புகளைத் திருப்பி வைப்பாள். பெரிய வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி, கழற்றிய வாக்கில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒன்று கிழக்கே பார்க்கும், இன்னொன்று கவிழ்ந்து கிடக்கும். அவர்கள் மரப்படியில் மாடி ஏறும் சத்தம் கேட்டதும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வருவாள். குனிந்து, ஒவ்வொரு ஜோடியையும் வாசலுக்கு வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பாள். இறங்கி வருகிறவர்கள் நின்றபடியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம். செருப்பைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. திருப்பி வைப்பது அந்த வேலையில் சேராது.

"எதுக்குக்கா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்தவங்க கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கிட்டா நிக்கணும்?" என்றாள்.

அவள் வீடு என்று சொன்னது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடத்தை. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் சாலையில், நகரத்தின் கடைகள் முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் அது இருந்தது. பழைய காலத்தில் யாரோ பெரிய பணக்காரர் கட்டியது. கீழ்த்தளத்தில் வெண்கலச் சிலைகள், பீங்கான் ஜாடிகள், கண்ணாடி விளக்குகள். மாடி முழுக்க ஓவியங்கள். சுற்றிலும் கப்பலில் கொண்டுவந்து நட்ட மரங்கள், தாமரைக்குளம், ஆர்க்கிட் வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகை. குடும்பம் பல ஊர்களுக்குக் கலைந்துபோன பிறகு ஒரு டிரஸ்ட் அதை நடத்தியது. கழக்கூட்டத்து ஐ.டி. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க வருவார்கள். பொன்முடிக்குப் போகிற தமிழ்நாட்டு வேன்கள் வழியில் நிற்கும். பள்ளிக்கூட பஸ்கள் வரும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். திருவனந்தபுரம் வந்து தம்பானூரில் ஹோட்டலில் மேசை துடைத்தேன். கழக்கூட்டத்தில் கம்பி கட்டினேன். கட்டிடம் முடிந்ததும் எங்கள் வேலையும் முடிந்தது. தங்கியிருந்த கொட்டகையைப் பிரித்தார்கள், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காண்ட்ராக்டர் ஒருவர் தோட்ட வேலை இருக்கிறது என்று இந்த இடத்தைச் சொன்னார்.

முதல் நாள் மதியம் எல்லோரும் மோட்டார் ரூமில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டுவராத ஆள் அந்த நேரத்தில் முகம் கழுவுவான். ரொம்ப நேரம் கழுவுவான். எனக்கு அது பழக்கம்தான். அக்கா வந்து தூக்குவாளியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "சூடு ஆறிப்போகும், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தேங்காய்த் துவையலும் சோறும். அவள் சாப்பிட்டாளா என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலையாளிகளுக்கும் அவள் அக்காதான். சேச்சி என்று கூப்பிடாமல் தமிழில் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவள் பிறந்தது மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கிற கூலி வீடுகள். அங்கே ஒருத்தர் வாசலில் தலையைக் காட்டினால் சாயா கொடுக்காமல் அனுப்பக் கூடாது. தோட்டம் நொடித்துப்போய்ச் சம்பளம் வராத காலத்திலும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லையாம். "பாலு கிடையாது, சீனி கிடையாது. நாமளே பறிச்ச கொழுந்தை வறுத்துக் கொதிக்க வச்சுக் கொடுப்போம். கசக்கும். வந்தவங்களும் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. அவங்க வீட்டுலயும் அதே கசப்புதானே." இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் எதுவும் இருக்காது. அங்கே புருஷன் செத்துப்போனார். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவந்தாள். பெரிய வீட்டின் கேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள்.

பெரிய வீட்டில் சாயா கொடுக்க முடியாது. வீட்டுக்குள்ளே தின்பண்டம் கொண்டுபோகவே கூடாது. எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் பல்லி, எலி என்று ஒவ்வொன்றாக வந்து ஓவியத்துணியைக் கடித்துவிடும். அந்தச் சட்டம் அக்காவை நிம்மதியாக இருக்க விடவில்லை. இத்தனை பேர் வந்துவிட்டு வெறும் கையோடு, வெறும் வாயோடு திரும்பிப் போகிறார்களே என்று தவித்தாள். அதனால் அவள் வேறு எதையாவது கொடுத்தாள்.

தோட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு மரம் உண்டு. மலையாளத்தில் சர்வசுகந்தி என்பார்கள். ஒரே இலையைக் கசக்கினால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்து மணக்கும். காலையில் கூட்டும்போது அதன் கீழே உதிர்ந்ததில் நல்ல இலைகளாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வாள். கிளம்புகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுப்பாள். "கசக்கி மோந்து பாருங்க. போயிட்டு வாங்க." ஆனால் தோட்டத்திலிருந்து ஒரு இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இன்னொரு சட்டம். கேட்டில் இருந்த செக்யூரிட்டிச் சேட்டன் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மேசையில் போட்டுக்கொள்வார்.

"அக்கா, நீங்க கொடுக்கிற இலை மொத்தம் என் மேசைக்குத்தான் வருது, கேட்டோ. இனி அரியும் கோழியும் கூடக் கொடுத்துவிட்டா நான் இங்கயே பிரியாணி வச்சிடுவேன்" என்பார்.

"மோந்து பார்த்துட்டுத்தானே சேட்டா உங்ககிட்ட கொடுக்காங்க. அது போதும்" என்பாள்.

ஓவியங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டாள். ஆனால் படங்களில் இருக்கிறவர்களை வீட்டு ஆட்களாகவே வைத்திருந்தாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாளின் பெரிய படம் இருந்தது. மழைக்காலத்தில் கண்ணாடியில் ஈரம் படர்ந்து முகம் மங்கியிருக்கும். "பெரியம்மாவுக்கு இன்னைக்கு முகம் சரியில்ல. வெயில் நாள்ல வாங்க, சிரிப்பாங்க" என்று வந்தவர்களிடம் சொல்வாள். குளத்தில் தண்ணீர் வற்றியிருந்தால் மன்னிப்புக் கேட்பாள். கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை விடமாட்டாள். "என்ன அவசரம்? மேல இன்னும் ஒரு ரூம் இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போங்க."

ஒரே ஒரு படம் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. மாடியில் கடைசி அறையில் இருந்தது. வெளிநாட்டுப் படம். வெள்ளைத்துணி விரித்த மேசை, திராட்சைக்குலை, ரொட்டி, பாதி தோல் உரித்த எலுமிச்சை, வெள்ளித்தட்டில் ஒரு மீன். ஆள் ஒருத்தரும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்று பேசுவார்கள். அக்கா அந்த அறையைக் கூட்டும்போது படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கூட்டுவாள்.

"இவ்வளவும் எடுத்து வச்சுட்டு ஒருத்தரையும் கூப்பிடல பாரு. என்ன மனுசங்க" என்றாள் என்னிடம்.

இதெல்லாம் பார்க்க அழகாக இருக்கும். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு அப்படியில்லை. அவள் மகள் கழக்கூட்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அம்மாவோடு பேசத் தொடங்கினால் பாதியில் மலையாளத்துக்கு மாறிவிடுவாள். ஒரு மழைநாளில் மகளின் புதுக்குடையை அக்கா வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். "திருப்பிக் கொண்டு வந்து தருவாங்க" என்றாள். யார் தருவார்கள்? அந்தப் பெண் எந்த ஊர் என்றே தெரியாது. மறுநாள் மகள் நனைந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள். கேட்டருகில் என்னைப் பார்த்து நின்றாள்.

"அண்ணா, எங்க அம்மைக்கு இந்த லோகத்துல எல்லாரும் விருந்துக்காரங்க. நான் ஒருத்திதான் வீட்டு ஆள். மிச்சம் இருந்தாத்தான் எனக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

இன்னொரு தடவை, மாடியில் அழுத பள்ளிக்கூடக் குழந்தைக்கு அக்கா மடியிலிருந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். கேமராவில் அது தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் மேலே வந்து, "அக்கா, இது ஹோட்டலா? இது லாஸ்ட் வார்னிங், கேட்டோ. இனி ஒருதடவை கண்டா காண்ட்ராக்டரிடம் சொல்லி ஆளை மாற்றும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு படத்தின் மூலையை எலி கடித்ததற்கு அவர்தான் மேலே பதில் சொல்லியிருந்தார்.

மகளுக்குச் சம்பந்தம் வந்தது அதற்குப் பிறகு. மாப்பிள்ளை கழக்கூட்டத்தில் ஏ.சி. மெக்கானிக். மார்த்தாண்டம் பக்கம் ஊர். துணிக்கடையில் ஏ.சி. பழுதாகி, அவன் சரிசெய்ய வந்து, பிறகு பழுதாகாத நாட்களிலும் வந்து, இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அவன் அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. லயத்துக்காரர்கள், சொந்தபந்தம் என்று சொல்ல ஆளில்லாதவர்கள். மகன் விடாமல் நின்றதால் ஒருதடவை பெண்ணைப் பார்க்கச் சம்மதித்தாள். வீட்டுக்கு வரமாட்டாள், பொது இடத்தில் பார்ப்பாள், யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டாள்.

எங்கள் தென்பகுதிகளில் இது பழைய வழக்கம். பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் உறுதியாகும் வரை பெண் வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு வேண்டாம் என்று எழுந்து போக முடியாது. போனால் ஊர் பேசும்.

பொது இடம் என்றால் அக்காவுக்குத் தெரிந்தது பெரிய வீடுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கினாள். எல்லோருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவள் பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு போவதைப் பார்த்தேன்.

"அவங்கதான் சாப்பிட மாட்டாங்களே, அக்கா?"

"சாப்பிட மாட்டாங்க. அதுக்காக ஆக்காம இருக்க முடியுமா?" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி வந்தாள். "தம்பி, நாளைக்கு நல்ல சட்டையா போட்டுட்டு வா. பெண்ணுக்குத் தாய்மாமன்னு ஒருத்தர் நிக்கணும். எனக்கு வேற ஆரு இருக்கா?"

என்னிடம் நல்ல சட்டை இல்லை. செக்யூரிட்டிச் சேட்டன் தன் மகன் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். தோளில் பிடித்தது. எனக்கும் யாரும் இல்லாததால் அதுவரை நான் யாருக்கும் மாமனாக நின்றதில்லை.

அவர்கள் தாமதமாக வந்தார்கள். நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை என்றார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்பா, மூன்று பேர். அந்த அம்மா கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாக நின்றாள். அப்பா மெலிந்த மனிதர், கையில் மருந்துப் பை.

"நீங்க பெண்ணுக்கு மாமாவா? கூடப் பொறந்தவங்களா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டாள்.

"கூட வேலை பாக்கேன்" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரித்தார்.

"பாருங்கம்மா, பெண்ணைப் பாக்கதுக்குத்தான் வந்தோம். கை நனைக்கதுக்கு இல்ல. முதல்லயே சொல்லியாச்சு" என்றாள் அந்த அம்மா.

"அதுக்கென்ன, வீட்டைப் பாருங்க" என்றாள் அக்கா.

பெண்ணும் மாப்பிள்ளையும் சம்பிரதாயத்துக்கு இரண்டு அடி இடைவெளி விட்டு நடந்தார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள்போல நடித்தார்கள், சரியாக வரவில்லை. அக்கா எல்லாவற்றையும் காட்டினாள். குளத்தைக் காட்டினாள், கண்ணாடிக் கொட்டகையைக் காட்டினாள், சர்வசுகந்தி இலையைக் கசக்கிக் கொடுத்தாள். அந்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "ம்" என்றாள். பிறகு இன்னொருமுறை முகர்ந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்து கீழ்த்தளம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "போதும்மா, கிளம்புவோமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மேல இன்னும் ஒரு ரூம் இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போங்க" என்றாள் அக்கா.

கடைசி அறைக்கு வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. முகம் முழுக்க வேர்வை. அந்த மேசைப் படத்துக்கு நேர்கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வார்த்தை குழறியது. அவர் சர்க்கரைக்காரர். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பெண் பார்த்து முடித்து வழியில் சாப்பிடலாம் என்று பட்டினியாக வந்திருக்கிறார். அந்த நேரம் அந்த அம்மா, பெண்ணோடும் மகனோடும் வெளித் தாழ்வாரத்தில் ஜன்னலோரம் நின்று, உனக்கு என்ன சமைக்கத் தெரியும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அறையில் அக்காவும் நானும் மட்டும்தான்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மடியை அவிழ்த்து வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்தாள். "மெல்லுங்கண்ணே, மெல்லுங்க." என் பக்கம் திரும்பி, "தம்பி, மோட்டார் ரூம்ல கேரியர் இருக்கு. ஓடு" என்றாள். சுவரில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை அவளும் பார்த்தாள். நான் ஓடினேன்.

நான் திரும்பி வரும்போது அவருக்குக் கண் தெளிந்திருந்தது. கை மட்டும் நடுங்கியது. அக்கா கேரியரைத் திறந்து, எலுமிச்சைச் சோற்றை உருட்டி அவர் வாயில் கொடுத்தாள். அவர் குழந்தைபோல வாங்கித் தின்றார். நாலைந்து உருண்டை போயிருக்கும், அந்த அம்மா அறைக்குள் வந்தாள்.

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். கேரியரைப் பார்த்தாள். நான்கு அடுக்கு கேரியர்.

"ஆரைக் கேட்டுக் கொடுத்திய?"

"மயக்கம் வந்துட்டு அவருக்கு..."

"ஒரு மிட்டாய் கொடுத்தாப் போதாதா? நான் கை நனைக்க மாட்டோம்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சோறு ஆக்கிக் கொண்டுவந்து ஒளிச்சு வச்சிருக்கிய. நேரம் பார்த்து ஊட்டியாச்சு. இனி நாங்க வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தானே?"

மாப்பிள்ளையின் அப்பா, "அவ கைதானே நனைஞ்சுது, என் கை நனையலியே" என்று முனகினார். யாரும் சிரிக்கவில்லை.

சோறு ஆக்கியது உண்மை, மோட்டார் ரூமில் வைத்ததும் உண்மை. அவர்கள் தின்னமாட்டார்கள் என்று தெரிந்தே ஆக்கினேன் என்று சொன்னால் எந்த மாமியார்க்காரி நம்புவாள்? எனக்குத் தெரியும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கூட வேலை பார்க்கிறவன் பேச்சு அங்கே எடுபடாது.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். தரையில் சிந்திய சோற்றுப் பருக்கைகளைப் பார்த்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "அக்கா, நான் எந்து செய்யும்? நாளை முதல் வரண்டா" என்றார். வர வேண்டாம் என்று.

அந்த அம்மா கணவன் கையைப் பிடித்து எழுப்பி, படியிறங்கிப் போனாள். மாப்பிள்ளை பெண்ணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மூன்று ஜோடிச் செருப்பும் வெளியே பார்த்து நின்றன. லீவு நாளிலும் எப்போதோ குனிந்து திருப்பி வைத்திருக்கிறாள். அவர்கள் நுழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மகள் அழவில்லை. "அம்மே, நீ என்னெ நசிப்பிச்சு" என்றாள். என்னைக் கெடுத்துவிட்டாய் என்று. பிறகு தமிழில், "ஆராவது பட்டினியா இருந்தா உனக்கு நான் கண்ணுக்குத் தெரிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா அறைக்குத் திரும்பி, பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள். இனி இந்த அறையை அவள் கூட்டப்போவதில்லை. ஆனாலும் எறும்பு வரக் கூடாது என்று மூன்றுமுறை துடைத்தாள். பிறகு எங்கெங்கோ வேலை தேடி, கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே பிள்ளைகள் எடை கூடிவிட்டது என்று புகார் சொல்வார்களாம். அது வேறு கதை.

அன்றைக்கு அவள் துடைத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. அக்கா கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். சேட்டன் அறையின் கூரைக்குக் கீழே தோட்டக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். பொன்முடிக்குப் போகும் வேன் டிரைவர் ஒருவரும் நனைந்துகொண்டு வந்து நின்றார். அக்கா கேரியரைத் திறந்தாள்.

"அக்கா, இப்ப எதுக்கு?" என்றேன்.

"காலையில ஆக்கின சோறு, வச்சா ஊசிப்போகும். நீயும் ஒரு வாய் எடு."

நான் எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்தார்கள். டிரைவர், "உப்பு பாகம் கரெக்டு, அக்கா" என்றார். "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று அவள் கேட்டாள். குரலில் எதுவும் தெரியவில்லை. அடுக்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்குமிடத்தில் அவர்கள் மூன்று பேரும் இன்னும் நின்றார்கள். அந்தச் சாலையில் பஸ் எப்போதாவதுதான். பக்கத்திலேயே ஒரு சாயாக்கடை இருந்தும் அந்த அம்மா தகரக் கூரைக்குக் கீழேயே நின்றாள். அப்பா தன் வாயைத் தொட்டுக் காட்டி, கேட்டுப் பக்கம் கையை நீட்டி ஏதோ பேசுவது தெரிந்தது. அவள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பேசினாள், அவர் தரையைப் பார்த்தார். மகன் ஒரு வார்த்தை சொன்னான். மழைச் சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. என்ன பேசினார்கள் என்று பிறகும் நான் யாரிடமும் கேட்டதில்லை. பஸ் ஒன்று வந்து நின்று, போயிற்று. அவர்கள் ஏறவில்லை.

அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையில்லாமல், சாலையைக் கடந்து கேட்டுக்கு வந்தாள். சேட்டன் பழக்கதோஷத்தில் கையை நீட்டி மறித்தார்.

"டிக்கெட்?"

"நான் வீடு பாக்க வரல. சம்பந்தம் பேச வந்திருக்கேன்" என்றாள்.

சேட்டன் கையை எடுத்துக்கொண்டார். அவள் அக்காவின் முன்னால் வந்து நின்றாள். கஞ்சி போட்ட சேலை முழுக்க நனைந்து துவண்டிருந்தது.

"மைனி, சோறு மிச்சம் இருக்கா?"

மைனி. சம்பந்திப் பெண்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்கிற முறை அது. அக்காவுக்குக் கேட்டது. கேட்டும், அவள் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அடியில் ஒட்டிய நாலு பருக்கையும் கறிவேப்பிலையும் தவிர ஒன்றும் இல்லை. மடியைத் தடவிப் பார்த்தாள். வெல்லமும் தீர்ந்திருந்தது. வேன் டிரைவர் விரலை நக்குவதை நிறுத்திவிட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவ்வளவு நேரம் தாங்கியவள் அப்போதுதான் அழுதாள். வேலை போனதற்கும் அழாதவள், மகள் சொன்னதற்கும் அழாதவள், காலிக் கேரியரை மார்போடு பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லயே மைனி, உங்களுக்குக் கொடுக்க ஒண்ணுமே இல்லயே" என்று அழுதாள்.

அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றி நின்ற எங்கள் வாய்களைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "எங்களுக்கு வச்ச சோத்தை ஊருக்குப் போட்டாச்சு. நல்ல சம்பந்தம்தான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமாவே, மருமவளைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பிள்ளை எங்க?" என்றாள்.

நான் குளத்துக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லோரும் சாலையைக் கடந்து சாயாக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஏத்தங்காய் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். நேந்திரம்பழத்தை நீளவாக்கில் வெட்டி மாவில் முக்கிப் பொரிப்பது. மாப்பிள்ளையின் அப்பா, தனக்கு ஒன்று ஆகாதா என்று மனைவியைப் பார்த்தார்; பாதி ஆகும் என்று உத்தரவானது. அந்த அம்மா வாளியிலிருந்து தண்ணீர் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி, மணிக்கட்டு வரை கையைக் கழுவினாள். பெஞ்சில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு அப்பத்தை எடுத்துக் கடித்தாள். "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றாள். அதோடு சம்பந்தம் முடிந்தது.

பிறகு இன்னொரு அப்பத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

அக்கா அதை இரண்டாகப் பிய்த்தாள். பிய்த்துவிட்டு, யாருக்கு இன்னும் வரவில்லை என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மழைக்கு அந்தப் பக்கம் கேட்டில் நின்ற சேட்டனைப் பார்த்தாள்.

"ஆருக்கும் கொடுக்காண்டாம். நீங்க தின்னுங்க, மைனி" என்றாள் அந்த அம்மா.

அக்கா கொஞ்ச நேரம் இரண்டு துண்டையும் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, மழைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தின்றாள்.